அடும்புக்கு ஒரு சான்றிதழ்

கடற்கரை மணலில் படரும் அடும்பங்கொடிக்கு, அது இன்ன செடிதான் என்ற சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. குறுந்தொகை நெய்தல் பாடல்களில் வரும் செடிகொடிகளையும், அதே நிலத்தில் நின்று நான் எழுதும் கவிதைகளையும் சேர்த்து ஆய்வு செய்கிறேன். "உரையில் இருக்கும் பெயர் போதாது, செடி இன்னதுதான் என்று தாவரவியலார் எழுதித் தரவேண்டும்" என்றது ஆய்வுக்குழு. நியாயம்தான். அதை வாங்குவதற்குள் பட்ட பாடுதான் பெரிது.

முதலில் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தாவரவியல் துறைக்குப் போனேன். "தமிழ் படிக்கிறவருக்கு இங்கே என்ன வேலை?" என்றார் எழுத்தர். துறைத்தலைவர் கடிதம் கேட்டார், கொடுத்தேன். முத்திரை இல்லை என்றார், குத்தி வாங்கி வந்தேன். கடைசியில் பையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "வெறும் இலைதானே இருக்கு, பூ எங்கே?" என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இந்த வேலையாகப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பூவும், கிடைத்தால் காயும் உள்ள கொடித்துண்டு வேண்டும். செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, ஈரம் போகும்வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்தால் நிறம் போய்விடும். ஆகவே பூவின் நிறம், இடம், தேதி மூன்றையும் பறித்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

பூவுக்காகத் திரும்பப் போனால், முதலில் இலை பறித்த கரையில் கொடியே இல்லை. அழகுபடுத்துகிறோம் என்று இயந்திரம் விட்டு மணலை வழித்திருந்தார்கள். மணலைப் பிடித்து வைப்பதே அந்தக் கொடிதான். அதைப் போய்க் குப்பையோடு அள்ளியிருக்கிறார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

தரங்கம்பாடிக்குத் தெற்கே, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காதான் வழிகாட்டினார். "அடப்பங்கொடிதானே தம்பி? விடியக்காலைல வாங்க, வெயில் ஏறுனா பூ சுருங்கிடும்."

மறுநாள் விடிந்ததும் அங்கே நின்றேன். 243ஆம் பாடலில் நம்பி குட்டுவன் 'மானடி அன்ன கவட்டிலை' என்கிறாரே, அந்த இலை நுனி பிளந்து அப்படியே குளம்பாகக் கிடந்தது. பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு, உள்ளே தொண்டை மட்டும் கறுத்த ஊதா. கொடியை இழுத்தால் வரவில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் கவ்வியிருந்தது. ஏடுகளை எத்தனை முறை புரட்டியும் பிடிபடாத வரி அந்த இழுப்பில் கிடைத்தது. கையில் மண்ணோடு அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தொகுப்பில் முதல் கவிதை அதுதான்.

கோயம்புத்தூரில், நாட்டின் தாவரங்களை ஆராயும் அரசு நிறுவனமான பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல நிலையத்தில் வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. அடும்பின் தாவரவியல் பெயரை எழுதித் தந்தார்கள்: ஐபோமியா பெஸ்-காப்ரே.

அடுத்தது நெய்தல் பாடல்களில் வரும் ஞாழல் மரம். உரைகாரர்கள் புலிநகக் கொன்றை என்கிறார்கள், ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் யாராவது அதைப் பூவோடு பார்த்திருந்தால் இடத்தைச் சொல்லுங்கள், வருகிறேன்.