சொன்ன இடத்தில் நில்லுங்கள்

"அந்த எடம் செரியில்ல சாரே" என்று எங்கள் வளாகத்தில் மரம் ஏறும் தொழிலாளி சொன்னதும், "சொன்ன எடத்துல நில்லுங்கண்ணே" என்று நான் குரலை உயர்த்தியதும், பலா இனத்தைச் சேர்ந்த அயனி மரத்தின் பட்டுப்போன கொம்பு முறிந்து விழுந்ததும் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்தன. இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று நான் எடுத்த முடிவுகளில் எது சரி, எது தவறு என்று பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகவே பிரிகிறது.

அவரை மரத்தில் ஏற விடக்கூடாது என்பதை ஒரு வாரம் முன்பே முடிவு செய்திருந்தேன். குமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கத்தில் ஒரு பள்ளி வளாகத்தின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். வளாகத்தில் தென்னை, பலா, மா, புளி, அயனி என்று எண்பதுக்கும் மேற்பட்ட மரங்கள் நிற்கின்றன. அவற்றில் ஏறியவர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்துப் போன பிறகு, சாய்ந்தும் பிளந்தும் கிடந்த மரங்களை வாரக்கணக்கில் அவர்தான் அறுத்து இறக்கினார். அந்தப் புயலில் உச்சி முறிந்த மரங்களில் ஒன்றுதான் இந்த அயனி. அடித்தண்டு உறுதியாக இருந்தது, புதுக் கிளைகளும் விட்டது. ஆனால் சைக்கிள் கொட்டகைக்கு அருகே நீண்டிருந்த ஒரு கொம்பு மட்டும் ஆண்டுக்காண்டு இலை குறைந்து, பட்டை உரிந்து, கடைசியில் முழுக்க உணங்கிக் காய்ந்துவிட்டது. தரையிலிருந்து 30 அடி உயரம், 18 அடி நீளம், அடியில் எட்டு அங்குலக் கனம். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை எடுத்துவிட வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. எப்படி எடுப்பது என்பதில்தான் இருந்தது.

"நான் ஏறுனா அரை மணிக்கூறு வேல சாரே. மேல போயி பாத்தாத்தான் அதுக்க கெடப்பு தெரியும்" என்றார்.

வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். பச்சைக் கொம்பு முறிவதற்கு முன் வளையும், முனகும். ஏறியிருப்பவருக்குக் கையை மாற்றிப் பிடிக்க ஒரு நொடியாவது கொடுக்கும். உணங்கிய கொம்புக்கு அந்த வளைவு கிடையாது. உள்ளே செதல் (கறையான்) அரித்திருந்தால் வெளியே தெரியாது, அது விடும்போது ஒரேயடியாக விட்டுவிடும். 30 அடியிலிருந்து விழும் எதுவும் 1.4 விநாடிக்குள் தரையைத் தொடும், அப்போது அதன் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர் அளவில் இருக்கும். இவை எல்லாம் உண்மை. இன்றும் யாரிடமும் இதையே சொல்வேன். ஆனால் அவருக்கு வயது 58 என்பதும், அந்த ஆண்டுச் சித்திரையில் பலா மரத்திலிருந்து இறங்கும்போது அவருடைய கால் நடுங்கியதை நான் பார்த்தேன் என்பதும், ஏதாவது நடந்தால் நிர்வாகம் என்னைத்தான் கேட்கும் என்பதும் காரணங்களே. அவற்றை நான் சொல்லவில்லை. சொல்லாத காரணங்களை அவர் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். "எனக்க மேல நம்பிக்க இல்லியா சாரே?" என்று அவர் கேட்டபோது, மரத்தின் மேல்தான் நம்பிக்கை இல்லை என்று பதில் சொன்னேன். அது பாதி உண்மை.

தரையில் நின்றபடியே உயரக் கொம்புகளை எடுக்கும் முறைகளை ஒரு பயிற்சியில் கற்றிருந்தேன். பத்துப் பதினைந்து அடிக்குள் இருப்பவற்றுக்கு நீண்ட கோலில் பொருத்திய வாள் போதும். கோல் அலுமினியமாகவோ இரும்புக் குழாயாகவோ இருக்கக் கூடாது, கண்ணாடியிழைக் கோலாக இருக்க வேண்டும் என்று அங்கே அழுத்திச் சொன்னார்கள். நம் மாவட்டத்தில் விளைக்குள்ளேயே (தோட்டத்துக்குள்ளேயே) வீடும், வீட்டுக்குப் போகும் மின்கம்பியும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடப்பதால் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தேங்காயோ சக்கையோ (பலாப்பழம்) பறிக்க உலோகக் குழாயைத் தூக்குகிறவர்கள் மேலே கம்பியைப் பார்க்க மறக்கிறார்கள். நனைந்த மூங்கிலும் நம்பத்தக்கதல்ல. கண்ணாடியிழைக் கோல் என்றாலும் கம்பியிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும். கம்பிக்கு அருகில் உள்ள கொம்பு என்றால் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் தொடக் கூடாது.

கோல் எட்டாத உயரத்துக்குக் கயிற்றுவாள். பல் வைத்த நான்கடிச் சங்கிலி, அதன் இரு முனையிலும் நீண்ட கயிறு, அவ்வளவுதான். 300 கிராம் மணல் நிரப்பிய சிறு பையை மெல்லிய நூல்கயிற்றில் கட்டிக் கொம்பின் மேலாக எறிந்து, மறுபுறம் இறங்கிய நூலில் வாளின் கயிற்றைக் கட்டி இழுத்தால், சங்கிலி கொம்பின் மேல் வந்து உட்காரும். கொம்புக்கு இரு பக்கமும் ஒவ்வொருவர் விலகி நின்று மாறி மாறி இழுக்க வேண்டும். இருவரும் நெருங்கி நின்றால் சங்கிலி கொம்பைச் சுற்றிக்கொண்டு இறுகும். விலகி நின்றால்தான் ஓடும். பச்சைக் கொம்பில் மேலிருந்து மட்டும் அறுப்பது நல்லதல்ல. கீழ்ப்புறம் முதலில் சற்று அறுக்காவிட்டால் கொம்பு விழும்போது தாய்மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். முழுதும் உணங்கியதில் அந்தச் சேதம் குறைவு. இதையெல்லாம் அவருக்கு நான் விளக்கியபோது குறுக்கே ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டார். மணல் பையை வாங்கி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் வேலையை வைத்தேன். பிள்ளைகள் இல்லை, கொட்டகை காலி, காற்றும் இல்லை. வாளை இழுக்க இரண்டு இளைஞர்கள். அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அழைக்காமல் விட்டால் அவமதிப்பாகும். கயிறு இழுக்கச் சொன்னால் அதைவிடவும் அவமதிப்பாகும் என்று எனக்குத் தோன்றியது. சமையலறைப் பக்கமிருந்து ஒரு பாதை வருகிறது. அங்கே யாரும் வராமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி, ஒரு நெகிழி நாற்காலியும் போட்டுக் கொடுத்தேன். நாற்காலியின் இடத்தை நானே அளந்து வைத்தேன். கொம்பின் நீளம் 18 அடி, அதில் ஒன்றரை மடங்கு 27 அடி, மரத்தின் அடியிலிருந்து டேப் பிடித்தேன். அளவில் பிழை இல்லை. அளவைத் தொடங்கிய இடத்தில்தான் பிழை இருந்தது. கொம்பின் நுனியே மரத்திலிருந்து 18 அடி வெளியே நிற்கிறது. அப்படியானால் நாற்காலி நுனியிலிருந்து ஒன்பதே அடிதான். அதுவும் கொம்பு நீண்டிருந்த அதே திசையில்.

ஒன்பதாவது எறியில் நூல் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. வாள் ஏறியது, பையன்கள் இழுத்தார்கள், மரத்தூள் உதிர்ந்தது. பாதிக் கனம் அறுத்ததும் வாள் பிடித்துக்கொண்டு நின்றது. அங்கேதான் நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். அந்தரத்தில் நீட்டி நிற்கும் கொம்பை மேலிருந்து அறுத்தால், அதன் எடையே வெட்டுவாயைத் திறந்து கொடுக்கும், வாள் இறுகாது. இறுகுகிறது என்றால் கொம்பின் நுனி வேறெதன் மேலோ தாங்கி இருக்கிறது என்று பொருள். தாங்கிய கொம்பில் மேற்புறம் நெருங்கும், வெட்டுவாய் மூடிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. பயிற்சியில் படம் வரைந்தே காட்டினார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: பையன்கள் நெருங்கி நிற்கிறார்கள், அதனால்தான் சிக்குகிறது. இன்னும் விலகி நின்று சேர்ந்து இழுக்கும்படி சொன்னேன்.

அப்போதுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்து, பாதையை விட்டு விலகி, கொட்டகையின் கல்தூணுக்குப் பின்னால் போவதைப் பார்த்தேன். என் கண்ணில் அது சொன்னதைக் கேளாமையாகப் பட்டது. ஏற விடாத கோபத்தைக் காட்டுகிறார் என்று எண்ணினேன். அந்த எண்ணத்தோடுதான் குரலை உயர்த்தினேன். இளைஞர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தூணை விட்டு அசையவில்லை. "அந்த எடம் செரியில்ல சாரே" என்பதை அவர் சத்தமாகவும் சொல்லவில்லை. நான் மறுபடியும் சொல்ல வாயெடுத்தபோது கொம்பு விட்டது.

அடிப்பக்கம் முதலில் இறங்கியது. நுனி பக்கத்து மாமரத்தின் கவட்டில், நல்லமிளகுக் கொடிக்குள் மாட்டியிருந்தது. எனவே கொம்பு நேராக விழாமல், நுனியைப் பிடியாகக் கொண்டு ஊஞ்சல் போல் அடிப்பக்கம் கீழே வீசி, மறுபுறம் எழுந்தபோது நுனி விடுபட்டு, முழுக் கொம்பும் முன்னால் எறியப்பட்டது. நாற்காலியின் முதுகு பிளந்தது, இரண்டு கால்கள் முறிந்தன. பாதையின் ஓரக்கல் ஒன்றும் பெயர்ந்திருந்தது.

பிறகு கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "பிள்ளைய கயறு இழுக்கும்போ மாவுக்க எல ஆடிச்சு" என்றார். அயனியில் இழுத்தால் மாமரத்தின் இலை ஏன் ஆட வேண்டும்? அந்த ஆட்டம் எனக்கும் தெரியக்கூடிய இடத்தில்தான் நடந்தது. நான் வாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொம்பின் அடிவெட்டைப் பிறகு கத்தியால் செதுக்கிப் பார்த்தேன். தண்டோடு சேரும் இடத்தில் மரத்தின் உள் வைரம் கல் போல் இருந்தது. வள்ளம் கட்டவும் கதவு நிலைக்கும் நம்மவர்கள் அயனியைத் தேடுவது சும்மா அல்ல. ஆக, அவர் ஏறி அந்த இடத்தில் கால் ஊன்றியிருந்தால் அது தாங்கியிருக்கும். நுனியின் கிடப்பையும் அங்கிருந்து பார்த்திருப்பார், முதலில் அதை விடுவித்திருப்பார். ஆனால் அங்கிருந்து மூன்றடி தள்ளி, செதல் தின்று முழங்கை நுழையும் அளவுக்குப் பொந்தாகக் கிடந்தது. நுனியை விடுவிக்க அவர் அந்த மூன்றடியைத் தாண்டித்தான் போக வேண்டும். போயிருப்பாரா, அல்லது பொந்தைத் தட்டிப் பார்த்தே அறிந்து திரும்பியிருப்பாரா? என் முடிவு அவரைக் காப்பாற்றியது என்று ஒருநாள் தோன்றும். அவரைச் சாவுக்கு நேராக உட்கார வைத்ததே என் முடிவுதான் என்று மறுநாள் தோன்றும். இரண்டுக்கும் அந்தக் கொம்பிலேயே சான்று இருக்கிறது.

முறையில் பிழை இல்லை, செய்தவனிடம்தான் பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. தரையில் நின்று செய்வது பாதுகாப்பு என்று நம்பியதாலேயே தரையில் நிற்பவர்களைப் பற்றி நான் குறைவாக எண்ணினேன். மேலே ஓர் ஆள் இருந்திருந்தால் கீழே ஒருவரையும் அந்தப் பக்கம் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அன்று மாலை ஏறுகூலி முழுவதையும் அவருக்குக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டார். அது நியாயமான கூலியா, அல்லது என் மனத்தைச் சமாதானப்படுத்த நான் கொடுத்ததா என்று பிரித்தறிய இன்றுவரை முடியவில்லை. குரல் உயர்த்தியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். இளைஞர்கள் அருகில் இருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் உயர்த்தினேன், ஆகவே அவர்கள் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகும் உணங்கிய கொம்பில் யாரையும் நான் ஏற விட்டதில்லை. அதில் மாற்றமில்லை. சென்ற புரட்டாசியில் சமையலறைக்குப் பின்னால் நிற்கும் புளியமரத்தில் ஒரு கொம்பு பட்டுவிட்டது. அவரை அழைத்தேன், மரத்தைப் பார்த்துச் சொல்வதற்காக. நான்கு பக்கமும் சுற்றி வந்தார், ஒவ்வொரு பக்கத்திலும் நெடுநேரம் அண்ணாந்து நின்றார், ஓரிடத்தில் காய்ந்த கொடி ஒன்று இரண்டு கொம்புகளையும் சேர்த்துப் பிடித்திருப்பதைக் கை நீட்டிக் காட்டினார். நான் ஹெல்மெட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, "நான் எங்க நிக்கணும் சாரே?" என்று கேட்டார்.

முகத்தில் வேறொரு பொருளும் தெரியவில்லை. வேலைக்கு வந்தவர் கேட்கும் கேள்விதான். எனக்கு உடனே பதில் வரவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு கொம்பின் நுனிக்கு நேர் கீழே போய் நின்றேன், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னோக்கி நடந்தார்.