திருவல்லிக்கேணியில் மூன்று பதினொரு மாதங்கள்

“சங்கரன்கோவிலில் எந்தத் தெரு?” என்று கேட்டார் அவர். பார்த்தசாரதி கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், நான் வாடகைக்குப் பார்க்கப் போன நான்காவது வீடு அது. அவர் சங்கரன்கோவிலை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்திருக்க மாட்டார். எந்தத் தெருவைச் சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் கேட்டார். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை: தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள். “பஸ் ஸ்டாண்டு பக்கம்” என்றேன். “சரிம்மா, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்றார். இன்றுவரை கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

அது 2021 ஜூலை. கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து ஊர் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் நான் தமிழ் ஆய்வு மாணவி. அதுவரை இருந்த தனியார் பெண்கள் விடுதியில் இரவு 8.30 மணிக்கு வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். மூட்டைப்பூச்சிக்கு மட்டும் அந்த நேரக் கட்டுப்பாடு கிடையாது. அதே துறையில் படித்த தருமபுரித் தோழியும் நானும் சேர்ந்து வீடு எடுப்பது என்று முடிவுசெய்தோம். எனக்கு மாதம் 31,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை, அதற்குமேல் வீட்டு வாடகைப் படி. அவளும் பகுதிநேரமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தாள். பணம் இருக்கிறது, வீடு கிடைத்துவிடும் என்று நம்பினோம்.

ஆணாகப் பிறந்திருந்தால் ஒரு மாலையில் வேலை முடிந்திருக்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் ஊர். ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு, தாழ்வாரத்தின் கடைசியில் குளியலறை. பெட்டியோடு போய் நின்றால் அன்றிரவே படுத்துக்கொள்ளலாம், யாரும் தெருவின் பெயர் கேட்பதில்லை. வேலை தேடியும் போட்டித் தேர்வுக்குப் படித்தும் இங்கே தங்கிப்போன ஆண்களுக்குக் கணக்கில்லை. பெண்களுக்கு அப்படி ஒரு மேன்ஷன் அங்கே இல்லை. பெண்ணுக்கு விடுதி, இல்லையென்றால் ‘குடும்பம்’.

முதல் வாரம் கைப்பேசிச் செயலியில் தேடி வீணடித்தோம். ஒரே வீட்டை மூன்று தரகர்கள் மூன்று வாடகைக்குப் போட்டிருப்பார்கள். போன் செய்தால் அது போய்விட்டது, வேளச்சேரியில் ஒன்று இருக்கிறது என்பார்கள். இரண்டாம் வாரம் நடக்க ஆரம்பித்தோம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், வெயில் தாழ்ந்து ஜனங்கள் வாசலுக்கு வரும் நேரத்தில், பெரிய தெரு, சிங்கராச்சாரி தெரு, பேயாழ்வார் கோயில் தெரு என்று வரிசையாக. கிரில் கதவுகளில் டு-லெட் அட்டை தொங்கும். ‘குடும்பத்திற்கு மட்டும்’, ‘சைவம் மட்டும்’ என்று சில அட்டைகள் நேராகவே சொல்லிவிடும். அவற்றுக்கு நன்றி, மாடிப்படி ஏறும் வேலை மிச்சம். எதுவும் எழுதாத அட்டைகள்தான் ஆபத்தானவை. அங்கே மோர் கொடுத்து, உட்காரவைத்து, மெல்லக் கேட்பார்கள். கல்யாணம் ஆகவில்லையா? ஏன்? ஆண் நண்பர்கள் வருவார்களா? அசைவம் சமைப்பீர்களா? வெளியே சாப்பிட்டுவிட்டு வருவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி வாடகைக்கு எப்படிச் சேர்கிறது என்று எனக்கு இப்போதும் புரியவில்லை. வயிற்றுக்குள் இருப்பதற்கும் அட்வான்ஸ் தர வேண்டும்போல.

நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்குப்படி பதினாறு வீடு பார்த்தோம். தோழி ஒரு கட்டத்தில், நாம் அக்கா தங்கை என்று சொல்லிவிடலாமா என்றாள். அவள் தருமபுரிப் பேச்சும் என் நெல்லைப் பேச்சும் வாயைத் திறந்த மறுநிமிடம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கைவிட்டோம்.

பதினேழாவது வீட்டைக் காட்டியவர் இஸ்திரி வண்டி அண்ணன். அந்தப் பகுதியில் வீடு தேடுகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் இஸ்திரி வண்டிக்குப் போங்கள். எந்த வீட்டில் யார் காலி செய்யப்போகிறார்கள் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரியும். துணி குறைந்தால் ஆள் குறைகிறார்கள் என்று பொருள். தரகருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். அவர் கேட்டது, இனி எங்கள் துணியை அவரிடமே போட வேண்டும் என்பது மட்டும்.

பழைய வீடு. நடுவில் முற்றம், சுற்றி ஐந்து குடித்தனம். எங்களுக்குக் காட்டியது தரைத்தளத்தில் ஓர் அறை, சமையலறை, குளியலறை. கழிப்பறை பின்கட்டில், பக்கத்துக் குடித்தனத்தோடு பொது. ஒண்டுக்குடித்தனம் என்று கதைகளில் படித்த சொல்லுக்குள் நேராகக் குடிபோகப்போகிறோம் என்று தோன்றியது. மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுமா? இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள்? “பத்து மணிகூட ஆகலாம்மா” என்றேன். “நான் நைட் டூட்டி பார்த்தவள். வெளிக்கதவை நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள்” என்றார்.

ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார். கையெழுத்துப் போட அப்பா வர வேண்டும். எனக்கு அப்போது 26 வயது. அப்பா பொதிகை ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரத்னா கபேயில் சாம்பார் மிதக்கும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, அன்று இரவே திரும்பினார். இட்லியைப் பற்றி மட்டும் ஒரு வாரம் பேசினார்.

இனி அட்வான்ஸ். வீட்டுக்கார அம்மா கேட்டது பத்து மாத வாடகை. வாடகை 11,000, அப்படியானால் 1,10,000. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் சென்னை முழுதும் போய்வருகிறது. சட்டத்தைச் சொல்லியா பேரம் பேச முடியும்? ஊரடங்கில் பாதி வீடுகள் காலியாகக் கிடந்ததுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. ஆறு மாதத்துக்கு இறங்கினார்: 66,000. வங்கி மூலமாகத்தான் அனுப்புவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். முகம் சுளித்தார், பிறகு சரி என்றார். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யலாம் என்றபோது மட்டும், “அதெல்லாம் வேண்டாம்மா” என்று முடித்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன். பதினேழு வீடு பார்த்த களைப்பு.

வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தம். தட்டச்சுக் கடையில் எல்லாருக்கும் ஒரே வாசகம், பெயரும் தொகையும் மட்டும் மாறும். அதில் கரண்ட் யூனிட் எவ்வளவு, மோட்டார் பழுதானால் செலவு யாருடையது, காலி செய்ய எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும் என்று மூன்று வரிகளைச் சேர்க்கச் சொன்னேன். நான்காவதாக ஒரு வரி ஏற்கெனவே இருந்தது: ‘காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவு குடியிருப்பவரைச் சாரும்.’ எவ்வளவு என்று அதில் இல்லை. படித்தேன், தாண்டிப் போனேன். மூன்று வருடம் கழித்து அந்த வரி என்னைத் தேடி வந்தது.

ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தேன். சாமான் இறக்கும் முன் நான்கு சுவரையும் படம் எடுத்துத் தேதியோடு அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். கடல் பக்கம். சுவர்களில் இடுப்புயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது.

குடிபோன பிறகு வாழ்க்கை தண்ணீரைச் சுற்றி நடந்தது. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும். மெட்ரோ தண்ணீர் விடிகாலையில் வரும், அடிபம்பில் வரிசை. எங்கள் குடம் எது என்று மற்ற நால்வருக்கும் தெரிய ஒரு மாதம் ஆனது. தெரிந்த பிறகு, நான் எழுந்திருக்காத நாளிலும் குடம் நிரம்பி வாசலில் இருக்கும். பதிலுக்குப் பக்கத்துப் போர்ஷன் பையனுக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் நான் சொல்லிக்கொடுத்தேன். தளை தட்டுவதற்கும் குடம் தட்டுவதற்கும் சரியாகப் போயிற்று.

கரண்ட் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். அரசு 100 யூனிட் இலவசம் என்கிறது, இவர் ஒன்பது வாங்குகிறாரே என்று முதலில் கொதித்தேன். பிறகு ஒருநாள் மின்வாரிய அட்டையை வாங்கிக் கணக்குப் போட்டேன். ஐந்து குடித்தனமும் ஒரே மீட்டரில். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடும், இவர்களோ அதைப் பல மடங்கு தாண்டுகிறார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து இலவசம் அதே 100 யூனிட்தான். அம்மாவுக்குக் கிடைத்த லாபம் நான் நினைத்ததில் கால்வாசிகூட இல்லை. தனி மீட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாடகையைப் பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உதவித்தொகை எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல முடியாது, வாடகைக்கு ஐந்தாம் தேதி நிச்சயம். ஆகவே ஒரு மாத வாடகையைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்திருந்தேன். தொட்டது ஒரே முறை, பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைக்காரர் பழைய செய்யுள் அகராதிகளான நிகண்டுகளின் ஒரு முழுத் தொகுப்பைக் கயிறு கட்டி வைத்திருந்த அன்று.

வளாகத்துக்கு இருபது நிமிட நடை. போகிற வழியில் எனக்கு முந்தைய குடித்தனக்காரர்களை நினைத்துக்கொள்வேன். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தபோது ராமானுஜன் இந்த வட்டாரத்தில்தான், அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்தார். பாரதியார் கடைசியாக வாழ்ந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு இப்போது நினைவில்லம். “பாரதி நிச்சயம் வாடகை பாக்கி வைத்திருப்பார்” என்பாள் தோழி. அவருக்கும் ஐந்தாம் தேதியா என்று தெரியவில்லை.

2023-இல் ஐபிஎல் ஆட்டங்கள் ரசிகர்களோடு சேப்பாக்கம் மைதானத்துக்குத் திரும்பியபோது, ஆட்ட நாட்களில் எங்கள் சந்து முழுக்க இரு சக்கர வாகனங்கள். ஆறு அடித்தால் தொலைக்காட்சிக்கு முன்னாலேயே கூச்சல் வந்துவிடும். ரமலான் இரவுகளில் ஜாம்பஜார் பக்கம் விடியும்வரை நடமாட்டம் இருக்கும், தனியாக வரப் பயமே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குத் தண்ணீர் முற்றத்தில் ஏறி எங்கள் வாசற்படியின் விளிம்பில் நின்றது. ஒரு படி உயரம்தான் மிச்சம். ஆய்வேட்டுக் குறிப்புகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, மின்சாரம் இல்லாத இரண்டு இரவும் மாடியில் அம்மாவின் கூடத்தில் படுத்துக்கொண்டோம். ஐந்து குடித்தனமும் அங்கேதான். அவர் ஸ்டவ்வில் எல்லாருக்கும் உப்புமா கிண்டினார்.

அப்படிப்பட்டவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் கடினமாக இருந்தது.

2024 ஏப்ரலோடு மூன்றாவது ஒப்பந்தம் முடிந்தது. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் 500 ஏறி வாடகை 12,000 ஆகியிருந்தது. தோழிக்குத் திருமணம் நிச்சயமானதால் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டோம். அப்பா போனில், “கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காதே, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்” என்றார். ஊர் உலகம் எல்லாம் செய்வது அதுதான். அம்மாவும் மறுக்கவில்லை. 24,000 கழிந்தது, மீதி 42,000. அதற்குப் பிறகு பேச்சு பெங்களூரில் இருந்த அவர் மகனிடம் போய்விட்டது. வெள்ளையடிக்க 15,000 என்றார் அவர். ‘செலவு குடியிருப்பவரைச் சாரும்’ என்ற வரியைப் படம் எடுத்து அனுப்பினார். நான் 2021-இல் எடுத்த சுவர்ப் படங்களை அனுப்பினேன். ஓதம் எனக்கு முன்னாலேயே குடிவந்தது, நான் கொண்டுவந்ததல்ல என்றேன். சட்டப்படி காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் தர வேண்டும் என்றும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் 7,000 என்றார். ஒப்புக்கொண்டேன். நியாயமாகப் பார்த்தால் அதுவும் அதிகம்தான்.

35,000 உடனே வரவில்லை. நம்முடைய அட்வான்ஸ் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது போன வருடமே மாடித் தளம் போடவோ மருத்துவச் செலவுக்கோ போயிருக்கும். அடுத்து வருபவர் கொடுப்பதுதான் நமக்குத் திரும்பி வருகிறது. ஆகவே என் பணம் வர வேண்டுமென்றால் ஆள் வர வேண்டும். இஸ்திரி அண்ணனிடமே சொன்னேன். எங்கள் துணி இனி வராது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. துறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களையும் நான் கூட்டிவந்து காட்டினேன். ஒருத்தி சுவரைத் தொட்டுப் பார்த்து, “அக்கா, இது என்ன வெள்ளையாக உதிர்கிறது?” என்றாள். “படம் எடுத்துக்கொள்” என்றேன்.

சாவி கொடுத்த அன்று 20,000 வந்தது. அந்தப் பெண்கள் முன்பணம் கட்டி ஒன்பது நாள் கழித்து மீதி 14,397. கடைசி மீட்டர் கணக்கு 67 யூனிட், 603 ரூபாய் போக என்று மகன் குறிப்பு அனுப்பியிருந்தார். நான் கிளம்பும்போது குறித்துக்கொண்டது 62. ஐந்து யூனிட், 45 ரூபாய். இரண்டு இரவு உப்புமா சாப்பிட்டிருக்கிறோம் என்று விட்டுவிட்டேன்.