தண்ணி எந்த வழியா வரும்?

"உள்ள போற தண்ணி எந்த வழியா தம்பி வெளிய வரும்?" மேஸ்திரி சாதாரணமாகத்தான் கேட்டார். நான் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது.

காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீடு, தெருப்பக்கத்து வெளிச்சுவரைப் பழுதுபார்க்கும் வேலை. எப்போதோ யாரோ அடியில் 3 அடி உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். உளியால் நெம்பினோம். பலகை மாதிரி ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதன் முதுகில் செங்கல்லின் மேல்தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த கல்லை விரலால் தேய்த்தேன், மிளகாய்ப்பொடி போல உதிர்ந்தது. அதற்கு மேலே பழைய சுண்ணாம்புக் காரை அசையாமல் நின்றது.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. தரை ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புக் காரை அதை வாங்கி வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் விடாது. ஈரம் கல்லிலேயே தங்கி, உப்பு உள்ளேயே பூத்து, கல்லை அரித்துவிடும். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஆவணியில் அந்த வீட்டில் அறுபதாம் கல்யாணம். கையில் இருந்தது 5 வாரம். சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்க வேண்டும், மணலோடு அரைக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்க வேண்டும், ஒரு பூச்சு இறுகினால்தான் அடுத்தது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அவசரப்படுத்தினால் நடக்காது. சரி, அடியில் 2 அடிக்கு மட்டும் கலவையில் சிமென்ட் சேர்ப்போம் என்று முடிவெடுத்தேன். அப்போதுதான் மேஸ்திரி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கொஞ்சம்தானே அண்ணே, மேல இருக்கிற சுண்ணாம்பு வழியா வந்துரும்" என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கச் சுவருக்குப் போய்விட்டார். அந்த 2 அடியை வேறொரு கொத்தனார்தான் பூசினார்.

நான் மாட்டேன் என்றிருந்தால் வேறு ஆள் வந்து சுவர் முழுக்கச் சிமென்ட் அடித்திருப்பார். அது மட்டுமல்ல, விசேஷத்துக்கு உதவாத வீட்டைப் பங்காளிகள் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடக்கும் தேக்குத் தூண்களும் கதவுகளும் இப்படிக் கைவிட்ட வீடுகளிலிருந்து வந்தவைதானே. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அன்றைக்கு இதையெல்லாம் யோசித்தா முடிவெடுத்தேன்? தேதியை மட்டும்தான் யோசித்தேன் என்று நினைக்கிறேன்.

மழை முடிந்து தையில் போய்ப் பார்த்தேன். நான் பூசச் சொன்ன அந்த 2 அடிப் பட்டைக்கு நாலு விரற்கடை மேலே, நல்ல காரையில், ஈரக்கோடு நீளமாக ஓடியது. விரல் வைத்தால் வெள்ளையாக உப்பு. தண்ணீர் மேலே இருந்த சுண்ணாம்பு வழியாகத்தான் வந்திருந்தது. நான் சொன்னபடியேதான் வந்திருந்தது, நூறு வருஷக் காரையைக் கெடுத்துக்கொண்டு.

வீட்டுக்கார ஆச்சியிடம் அப்போதுதான் சிமென்ட் சேர்த்த விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா அந்தச் சுவர் மறையுற மாதிரி பந்தல் துணிய இறக்கிக் கட்டியிருப்போமேப்பா" என்றார். விசேஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தாலும் இதையே சொல்லியிருப்பாரா, தெரியவில்லை. நான் கேட்கவே இல்லையே.

பங்குனி வெயிலில் அந்தப் பட்டையை என் செலவில் கொத்தி எடுக்கப்போகிறேன். மேஸ்திரியிடம் இன்னும் சொல்லவில்லை.