இரண்டாவது வரி

2019 டிசம்பரில், வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்டடியில் உள்ள கடை ஒன்றில் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, பிள்ளையார் சுழி போட்டு, புதிய சிறுகதையின் முதல் வரியை எழுதினேன்.

"மேசையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது."

இரண்டாவது வரியை எழுதியது 2025 பெப்ரவரியில்.

நான் ஒன்றும் எழுதத் தெரியாத ஆள் இல்லை. ஞாயிறு பத்திரிகைகளில் பத்துப் பன்னிரண்டு கதைகள் வந்திருக்கின்றன. கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஒருமுறை மேடையில் ஏற்றிப் பேசவும் விட்டார்கள், ஐந்து நிமிடம். அதனால்தான் தெரிந்தவர்கள் தெருவில் கண்டால் "இப்ப எழுதுறேல்லையோ?" என்று கேட்பார்கள். "இப்ப சீனி எப்பிடி இருக்கு?" என்று நோயாளியிடம் கேட்கும் அதே குரல். நானும் "பரவாயில்லை, கட்டுப்பாட்டில இருக்கு" என்பதுபோல ஏதாவது சொல்லிவிட்டு நழுவிவிடுவேன்.

உண்மையில் முதல் தடங்கல் நாடு இல்லை, மாமிதான். கொப்பியைத் திறந்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் வருவதற்குள் வாசித்துவிட்டார்.

"பிள்ளை, தேத்தண்ணியை ஏன் ஆற விட்டவள்?"

"அது ஒரு மனநிலை, மாமி. அவளுக்கு மனசு சரியில்லை."

"மனசு சரியில்லாட்டி சூடாக்கிக் குடிக்கலாம்தானே?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. யோசிக்கலாம் என்று கொப்பியை மூடி வைத்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே 2020 மார்ச் 20 வந்தது. மாலை 6 மணிக்கு ஊரடங்கு.

வீட்டுக்குள் அடைபட்டால் எழுத்தாளர்கள் எழுதித் தள்ளுவார்கள் என்று நினைப்பவர்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்து பார்க்க வேண்டும். இவருடைய கந்தோர் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. மகனின் பள்ளிக்கூடம் என் ஃபோனுக்குள் வந்துவிட்டது. மகள் பால்கனியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது குளியலறை. அங்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கதவைத் தட்டினார்கள். மரக்கறி லொறி ஒழுங்கைக்குள் வரும்போது யாருக்கு என்ன வேண்டும் என்று எழுத அவசரத்துக்குக் கைக்கு அகப்பட்டது என் கொப்பி. இரண்டாம் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது: போஞ்சி அரைக் கிலோ, லீக்ஸ் கால், தேங்காய் நான்கு. அந்தப் பக்கத்தோடு கொப்பி கற்பிழந்தது.

அடுத்து மஞ்சள். வெளிநாட்டு மஞ்சளை இறக்குமதி செய்ய முடியாது என்றாகி, கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிய காலம். மன்னார்க் கடலில் கடற்படை பிடிப்பது தங்கமா மஞ்சளா என்று செய்தியைக் கவனித்துக் கேட்டால்தான் தெரியும். மாமி ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறைய மஞ்சள்தூளைத் தன் சீலை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். மூன்றாம் பக்கத்தின் தலைப்பு 'மஞ்சள் கடன்'. கீழே, "நாலாம் மாடி அக்கா, 2 தேக்கரண்டி (குமிச்சு)". அந்தக் 'குமிச்சு' மாமியே பேனை வாங்கி எழுதியது. சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தாலும், அந்தக் கொப்பியிலேயே கச்சிதமான சொற்பிரயோகம் அதுதான்.

2021க்கு ஒன்றரைப் பக்கம். தடுப்பூசித் திகதிகள். வருடக் கடைசியில் அங்கே இங்கே காஸ் சிலிண்டர் வெடிக்கிறது என்று செய்திகள் வரத் தொடங்க, மாமி காலையில் சாமிப் படத்துக்கு அடுத்ததாகச் சிலிண்டரையும் கும்பிட்டுவிட்டு, ரெகுலேட்டரில் சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பார். குமிழி வராவிட்டால்தான் எங்களுக்குத் தேத்தண்ணி.

பிறகு 2022.

கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன வருடம் அது. எழுதாத பக்கங்கள் உள்ள ஒரு கொப்பி வீட்டில் கிடந்தால் சும்மா விடுவார்களா? மகன் பின்பக்கத்திலிருந்து கணக்குச் செய்துகொண்டு வந்தான். நடுப்பக்கங்களில் கரண்ட் கட் அட்டவணை. ஊரை ஏ, பி, சி என்று எழுத்து எழுத்தாகப் பிரித்திருந்தார்கள். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் என்று அறிவித்தபோது, ஆங்கிலம் படிக்காத மாமிக்கு நெடுங்கணக்கே பாடமாகிவிட்டது. தெஹிவளையில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்கு வேறு எழுத்து. எங்கள் ஃபிரிட்ஜ் அணையும் நேரத்தில் அவளுடையது ஓடும். அறக்குளா மீன் ஒரு கிலோவை மடியில் வைத்துக்கொண்டு 101ஆம் நம்பர் பஸ்ஸில் நான் போய்வந்த நாட்கள் உண்டு. பக்கத்து சீட்காரர்கள் எழும்பிப் போனதால் வசதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது காஸ் வரிசையைப் பற்றி.

மே மாதம். 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய். அந்தக் காசைக் கொடுக்கத் தயாராக ஆட்கள் நின்றார்கள், சிலிண்டர்தான் இல்லை. காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கடை வாசலிலிருந்து மதகு வரை வெறும் சிலிண்டர்கள் சங்கிலியில் கோத்துப் பூட்டுப் போட்டு நின்றன. இவர் கந்தோருக்கு, பிள்ளைகள் வீட்டில், ஆகவே நான். போகும்போது கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டேன். சும்மாதானே நிற்கப் போகிறோம், இரண்டாவது வரியையாவது எழுதலாம் என்று.

பேனையைத் திறந்ததுதான் தாமதம், எனக்கு முன்னால் நின்ற சிங்கள ஐயா திரும்பிப் பார்த்தார்.

"மிஸ், பொதக் தியெனவா நேத?"

கொப்பி இருக்கிறதுதானே என்று அவர் கேட்ட விதத்தில், இல்லை என்று சொல்ல முடியவில்லை. வரிசைக்குப் பட்டியல் வேண்டுமாம். யார் முதல், யார் பிறகு என்று இரவில் சண்டை வருகிறதாம். அந்த நிமிடத்திலிருந்து நான் வரிசையின் எழுத்தாளர்.

முதலில் பழக்கதோஷத்தில் தமிழில் எழுதத் தொடங்கினேன். ஏழாம் பெயரில் ஆட்சேபம் வந்தது, எங்களுக்கு எப்படித் தெரியும் நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று. சரி, ஆங்கிலத்தில். ஒவ்வொருவரும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, தங்கள் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் திருத்தச் சொன்னார்கள். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என் பிரதியை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததில்லை. பின்னேரத்துக்குள் 143 பெயர்கள் சேர்ந்தன.

அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு டாப்பு. ஆள் இல்லாவிட்டால் பெயர் வெட்டப்படும் என்பது வரிசையின் சட்டம். இருட்டில் நான் கொப்பியோடு வருவதைக் கண்டதும் அத்தனை பேரும் எழும்பி நின்றார்கள். யாரோ கதிரை போட்டார்கள். யாரோ ரோச் லைட் பிடித்தார்கள். பத்திரிகையில் கதை வந்தால் நான் வாசிப்பேன், அம்மா வாசிப்பா, அச்சுக்கோத்தவர் வாசித்திருப்பார் என்று நம்பலாம். இங்கே 143 பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். நானும் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் 52 வந்தது. கையை இரண்டு பேர் உயர்த்தினார்கள். அவசரத்தில் 52ஐ இரண்டு தரம் போட்டிருக்கிறேன். ஒருவர் பம்பலப்பிட்டியிலிருந்து வந்த, மூக்குக்கண்ணாடி போட்ட அன்ரி. மற்றவர் தள்ளுவண்டிக் கடலை வியாபாரி. அவளுக்கு வீட்டில் ஆறு பேர், அவருக்குக் கடலை வறுக்க வேண்டும். சிங்களத்தில், தமிழில், பிறகு சைகையில் வாதம் நடந்தது. கடைசியில் 52 அ, 52 ஆ என்று நான் தீர்ப்புச் சொன்னேன். 53 தொடக்கம் 142 வரை எல்லோரும் என்னை எதிரியாகப் பார்த்தார்கள். ஒரு இலக்கத்தால் இவ்வளவு பகை சம்பாதிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் லொறி வந்தது. ஐம்பதுக்குத்தான் இருக்கிறது என்றார்கள். 52 அன்ரியும் 52 கடலைக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர் ஒரு சரை கடலை கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

நான் உரத்த குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முடிக்கும் நேரம் இவர் சைக்கிளோடு வந்து சேர்ந்தார், சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போக.

"எங்கட நம்பர் எத்தினை?"

கொப்பியைப் புரட்டினேன். முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். இரண்டு 52 இருக்கிறது, நான் இல்லை. ஆரையும் விடாமல் எழுதிக்கொண்டு வந்தவள் தன்னைப் போட மறந்துபோனாள்.

இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உம்மட பேர் போடாமல் நீர் எழுதின முதல் படைப்பு இதுதான்."

அதற்குப் பிறகு மூன்று கிழமை ஹொட் பிளேட்டில் சமையல், கரண்ட் இருக்கும் நேரத்தில் மட்டும். விடியற்காலை மூன்றரைக்குச் சொதி கொதிக்கும் வாசம் வேறு எங்கும் கிடைக்காது. பலமுறை பாதியில் கரண்ட் போய், அரைவேக்காட்டுப் பருப்பு அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தது.

ஜூலையில் பெற்றோலுக்குக் கியூ.ஆர். வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீட்டர். இவர் அந்தக் குறியீட்டை அச்செடுத்து, தொலைந்துவிடக் கூடாது என்று எங்கே ஒட்டினார் என்று நினைக்கிறீர்கள்? கொப்பியின் முதல் பக்கத்தில், தேத்தண்ணி வரிக்கு நேர் கீழே. ஒரு வருடத்துக்கு மேல் என் சிறுகதை கிழமைக்கு ஒருமுறை பெற்றோல் ஷெட்டுக்குப் போய்வந்தது. பம்ப் அடிக்கும் பெடியன் ஒருநாள் அந்த வரியை வாசித்துவிட்டு, "அண்ணே, பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டானாம். "இன்னும் ஒண்டும் நடக்கேல்லை" என்று இவர் சொன்னாராம்.

2023 செப்டெம்பர் 1ஆம் திகதி அந்தப் பங்கீடும் நின்றுபோனது. என் உண்மையான கஷ்டம் அன்றுதான் தொடங்கியது. கரண்ட் இருக்கிறது, காஸ் இருக்கிறது, மஞ்சள்கூட இருக்கிறது. யாரைக் குற்றம் சொல்வது? மகனுடைய ஓ.எல். பரீட்சை, மாமியின் கண் ஒப்பரேஷன் என்று கொஞ்ச நாள் ஓட்டினேன். சத்தியமாகச் சொன்னால், பேனையைப் பிடித்தால் கை தானாக '1.' என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குக் காத்திருந்தது. மற்றபடி சோம்பல்தான்.

கடைசியில் 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இன்று எழுதியே தீருவேன் என்று முதல் நாளே வீட்டில் அறிவித்திருந்தேன். காலையில் ஒரு தேத்தண்ணி போட்டு முடிந்த கையோடு காஸ் தீர்ந்தது. பழைய காலமென்றால் அழுதிருப்போம். இப்போது இவர் விசிலடித்துக்கொண்டு புதிய சிலிண்டர் வாங்கப் போனார். நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, முதலில் கொப்பியை வாசித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அதுதான் பிழை. 'குமிச்சு'வில் சிரித்து, 52இல் நின்று, மகனின் பிழையான கணக்குகள் வரை போய்விட்டேன்.

பதினொன்றரை மணியளவில் ஃபான் நின்றது.

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் பக்கமிருந்து ஒரு குரல். "இஞ்சேர்! இஞ்சேர்!"

ஓடிப்போனேன். நாங்கள் ஐந்தாம் மாடி. குரல் எங்கள் காலுக்குக் கீழிருந்து வந்தது.

"நானும் காஸும் உள்ளுக்கு நிக்கிறம்!"

மாமியும் பின்னால் வந்துவிட்டார். "தம்பி, சிலிண்டர் பத்திரமோ?" பெற்ற மகனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஜெனரேட்டரைப் போட வேண்டிய வோச்சர் தேத்தண்ணி குடிக்க வெளியே போயிருந்தார். எல்லா மாடியிலிருந்தும் ஆட்கள் படிக்கட்டில் கூடிவிட்டார்கள். இதற்குள் மகன் ஃபோனைப் பார்த்துவிட்டுக் கத்தினான், நாடு முழுக்கக் கரண்ட் இல்லையாம், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டினதாம், அமைச்சரே சொல்கிறாராம்.

"சும்மா விடாதை" என்றார் நாலாம் மாடி அக்கா.

மாமி மட்டும் ஆச்சரியப்படவில்லை. "முந்தி வந்தது ஊரை எரிச்சுப்போட்டுப் போனது. இது லைட்டை மட்டும்தானே நிப்பாட்டியிருக்கு."

நாலாம் மாடி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "புருஷன் லிஃப்டுக்குள்ள நிக்கிறார், நீங்கள் என்ன, கையில பேனையோட நிக்கிறியள்?"

அப்போதுதான் பார்த்தேன், பேனை மூடி திறந்தபடி கையிலேயே இருந்தது. வோச்சரைத் தேடி மகன் ஓடினான். இவர் உள்ளேயிருந்து, வேர்க்குது என்பதைத் தவிரப் பிரச்சினை இல்லை என்று அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. கேத்தலில் சூடாக்கலாம் என்றால் குரங்கு. அடுப்பில் சூடாக்கலாம் என்றால்...

கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். கியூ.ஆருக்கும் முதல் வரிக்கும் இடையில் ஒரு விரல் இடம் இருந்தது. எழுதினேன்.

"சூடாக்குவதற்கான காஸ் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில் நின்றது."

தோளுக்கு மேலால் மாமி வாசித்தார். புதிதாக ஒப்பரேஷன் செய்த கண், நன்றாகவே தெரிகிறது.

"ம். இப்ப விளங்குது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது பால் தேத்தண்ணியோ, பிளேன்ரீயோ?"