ரப்பர் பூச்சு ஸ்டாக்: மும்பை செம்பூர், மழைக்காலம்

ஜூலை 4

ஒருவர் ஏர் ரைபிள் கொண்டுவந்திருக்கிறார், அதன் ஸ்டாக்குக்கு (தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி) ஆலிவ் பச்சை அடிக்க வேண்டுமாம். பிசுபிசுப்பு கன்னம் படும் இடத்திலும் பிடிக்கு மேல் கழுத்திலும்தான். முன்பகுதி நன்றாகவே இருக்கிறது. சோப்பு போட்டுத் துடைத்தால் போகிற அழுக்கு இல்லை இது, பூச்சே இளகுகிறது. பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிசாக அடித்த பாலியூரிதேன். காற்றின் ஈரம் அதைச் சிறுகச் சிறுக அறுக்கிறது. வியர்வையும் முகத்து எண்ணெயும் கூடவே வேலை செய்கின்றன. இதன் மேல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் அதுவும் சேர்ந்து நழுவும். முழுக்க எடுத்தாக வேண்டும்.

ஜூலை 5

பெல்லட் (சிறு குண்டு) உள்ளே இல்லை, ஸ்பிரிங் ஏறி நிற்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டாக் திருகில் கை வைத்தது. ஒவ்வொரு திருகின் வெட்டும் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பென்சில் குறி. திரும்ப மாட்டும்போது இறுக்கம் மாறினால் குறியும் மாறும்.

ஜூலை 6

பூச்சை எடுக்க 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். மருந்துக்கடையில் கிடைக்கும் 70-இல் தண்ணீர் அதிகம், மெதுவாகத்தான் இளகும். துணியை நனைத்து ஐந்து நிமிடம் போர்த்தி வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் வழித்தால் கறுப்புக் கூழாக வருகிறது. உலோகப் பட்டை வேண்டாம், கீறும். என்சி தின்னர், அசிட்டோன் இரண்டும் கூடவே கூடாது: அடியில் ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் இருந்தால் அதுவே கரைந்துவிடும்.

ஜூலை 8

ஈரப்பதம் 91. வேலை இல்லை.

ஜூலை 9

பிடியின் இரு பக்கத் தகடுகள் வேறு சாதி. அது பூச்சு அல்ல, வார்த்த ரப்பர், ஆல்கஹாலுக்கு அசையவில்லை. அதற்கும் ஆலிவ் பச்சைதான் வேண்டுமாம். சாதாரண எனாமல் அடித்தால் ரப்பருக்குள் இருக்கும் மென்மையாக்கி எண்ணெய் மேலே ஏறி, மாதக்கணக்கில் காயாமல் கையில் ஒட்டும். கெட்டியான பெயிண்ட் என்றால், பிடியை அழுத்தும்போதெல்லாம் ரப்பர் வளையும், பெயிண்ட் வளையாது, வெடிக்கும். கார் பம்பருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமர், அதன் மேல் வளைவுச் சேர்மானம் கலந்த பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட் என்றால் ஓரளவு நிற்கும். உள்ளங்கை தேயும் இடத்தில் அதுவும் எத்தனை நாள்? என்னைக் கேட்டால் தகடுகளை மூடிவிட்டு மற்றதை மட்டும் அடிப்பதே சரி. கறுப்புப் பிடி பச்சைக்கு ஒன்றும் கேடில்லை.

ஜூலை 10

ரைபிள்காரர்: “அண்ணா, இந்தச் சனிக்கிழமைக்குள்ள ஆயிடுமா?” ஆகாது.

ஜூலை 12

30 டிகிரி, ஈரப்பதம் 85. பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 27.2. அடிக்கும் பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும், இன்று 2.8. ஏசி அறையில் காயவைத்து எடுத்துவந்து பால்கனியில் அடிக்கலாமே என்று தோன்றும். அதுதான் பொறி. 24 டிகிரியில் குளிர்ந்த ஸ்டாக்கை இந்தக் காற்றில் காட்டினால் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் படியும். பெயிண்ட் அதன் மேல்தான் உட்காரும். அறைக்குள்ளேயே அடிக்கவும் முடியாது. பெயிண்டை இறுக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு, சாதாரணத் துணி மாஸ்க் அதற்குச் சல்லடை.

ஜூலை 13

ஈரப்பதம் 88.

ஜூலை 15

காய்ந்த ஸ்காட்ச்-பிரைட், சாம்பல் நிறம். 600 வாட்டர் பேப்பர் ஓரங்களில் மட்டும். பிறகு தண்ணீர் தெளித்துப் பார்த்தது: கன்னப்பகுதியில் படலமாக விரிகிறது, குழல் பள்ளத்தை ஒட்டிய விளிம்பில் முத்து முத்தாக உருள்கிறது. சிலிக்கோன் எண்ணெய். ஏர் ரைபிள் சீலுக்கு விடுவது இங்கே வழிந்திருக்கிறது. இதை விட்டு அடித்தால் பெயிண்ட் வட்டம் வட்டமாக விலகி, மீன்கண் என்கிற குழிகள் விழும். துணியை மாற்றி மாற்றி, ஒரே திசையில் துடைக்க வேண்டும். அதே துணியால் திரும்பத் துடைத்தால் எண்ணெயைப் பரப்பியதுதான் மிச்சம்.

ஜூலை 17

குழல் உட்காரும் பள்ளம், திருகுத் துளைகள், பிடித் தகடுகள் எல்லாம் மாஸ்கிங் டேப். பள்ளத்தில் பெயிண்ட் ஏறினால் குழல் சரியாக உட்காராது.

ஜூலை 18

வெயில்! 31 டிகிரி, ஈரப்பதம் 72. காலை பத்துக்குள் கம்ப்ரஸர் தொட்டியின் தண்ணீரை வடித்து, ஈரப்பொறி மாட்டி, 0.8 மில்லிமீட்டர் நாசில், 2 பார் அழுத்தம். பிரைமர் ஒரு மெல்லிய கோட். பியூ டப்பாவில் போட்ட விகிதத்தில், எடைபோட்டு. ஹார்டனர் கூடினால் நொறுங்கும், குறைந்தால் பிசுபிசுப்புக்கே திரும்பும். 20 சென்டிமீட்டர் தூரம், முதல் கோட் புகைமாதிரி, பத்து நிமிடம் விட்டு அடுத்தது. டேப்பைப் பெயிண்ட் இறுகும் முன்பே, ஓரத்தை மடித்துப் பின்னோக்கி உரித்தாயிற்று.

ஜூலை 19

தொட்டால் ஒட்டவில்லை. இதை நம்பக் கூடாது, முழு இறுக்கத்துக்கு ஏழு நாள்.

ஜூலை 21

மறுபடி மழை. கன்னம் படும் இடத்தில் நகம் பதிகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். கூடாது.

ஜூலை 23

கூடவே அடித்த சோதனைத் துண்டில் 2 மில்லிமீட்டர் கட்டமாகக் கீறி, பிடிப்பைப் பார்க்க டேப் ஒட்டி இழுத்தது. கட்டம் எதுவும் பெயரவில்லை. டீட் உள்ள கொசுவிரட்டி தடவிய கையோடு யாரும் இதைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்ப வேண்டும், பெயிண்டை இளக்கும்.

ஜூலை 24

பட் பேட் (ஸ்டாக்கின் பின்முனையில் தோளில் படும் மெத்தை) திருகுகளில் துரு. நாக்தேவி தெருவில் அதே நீளத்தில் ஸ்டெயின்லெஸ் கேட்க வேண்டும்.