1982: வேல்ஸ் மக்களின் அலைவரிசையும் பீதுருதாலகாலவின் கோபுரமும்

2011ஆம் ஆண்டுக்குப் பிறகு சனல் 4 என்ற பெயரை அறியாத இலங்கைத் தமிழர் மிகக் குறைவு. போரின் இறுதி நாள்களை உலகுக்குக் காட்டிய அந்தத் தொலைக்காட்சி எப்போது, யாருக்காகத் தொடங்கப்பட்டது என்று அறியும் ஆவலில் தேடத் தொடங்கிய நான், பிரித்தானியத் தொலைக்காட்சியின் 1982ஆம் ஆண்டுக்குள் வந்து சேர்ந்தேன். இலங்கையில் ரூபவாஹினி பிறந்ததும் அதே ஆண்டில்தான் என்பதால், இரண்டு நாடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் என்னால் அதைக் கடந்துவர முடியவில்லை.

அந்த ஆண்டின் முதல் நாளிலேயே, விளம்பர வருமானத்தில் இயங்கும் பிராந்திய நிறுவனங்களின் ஐ.டி.வி. வலையமைப்பில் மாற்றம் நிகழ்ந்தது. சதர்ன், வெஸ்ட்வர்ட் என்ற இரண்டு பிராந்திய நிறுவனங்கள் உரிமத்தை இழந்து விடைபெற, இங்கிலாந்தின் மத்திய பகுதியில் ஏ.டி.வி. உருமாறி சென்ட்ரல் என்ற பெயரில் வந்தது. நிர்வாகம் பற்றிய செய்தி என்பதால் அதை அவ்வளவோடு விட்டுவிடலாம். ஆனால் ஜனவரி 18ஆம் திகதி பிபிசியில் ஒளிபரப்பான ஒரு விவரணப் படத்தை அப்படி விட முடியாது. ரோஜர் கிரேஃப், சார்ல்ஸ் ஸ்டூவர்ட் ஆகிய இருவரும் தேம்ஸ் வலி பொலிஸாருடன் பல மாதங்கள் இருந்து எடுத்த தொடரின் ஒரு பகுதி அது. வன்புணர்வுக்கு ஆளானதாக முறையிட வந்த ஒரு பெண்ணை மூன்று பொலிஸ் அதிகாரிகள் சேர்ந்து மிரட்டுவதையும், அவர் சொல்வதை நம்ப மறுப்பதையும் கமரா எந்த விளக்கவுரையும் இல்லாமல் காட்டியது. நாடு கொதித்தது. இத்தகைய முறைப்பாடுகளை பொலிஸார் கையாளும் விதத்தைச் சீர்திருத்துவதற்கு அந்தப் படம் ஒரு முக்கிய காரணமாக அமைந்தது. முறையிடப் போகும் பெண்ணுக்குத் தன் மொழியில் வாக்குமூலம் கொடுக்கும் வசதிகூடப் பல நேரங்களில் கிடைக்காத ஊரில் வாழும் எனக்கு, ஒரு கமரா வெறுமனே அங்கே இருந்ததால் இவ்வளவு நடந்திருக்கிறது என்பது பெரிய விடயம்.

ஏப்ரலில் ஆர்ஜென்டினாவுடன் ஃபோக்லாந்து போர் மூண்டது. கடற்படையோடு சென்ற செய்தியாளர்கள் பாதுகாப்பு அமைச்சின் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். நேரடிப் படங்களுக்கு வழியில்லாததால் போர்க்களக் காட்சிகள் கப்பலேறி, சில வேளைகளில் வாரக்கணக்கில் தாமதமாக லண்டனை அடைந்தன. எத்தனை விமானங்கள் புறப்பட்டன என்று சொல்ல அனுமதியில்லாத நிலையில், போனவற்றையும் எண்ணினேன், திரும்பியவற்றையும் எண்ணினேன், எல்லாம் வந்து சேர்ந்தன என்ற பொருளில் பிபிசியின் பிரையன் ஹன்ரஹன் அனுப்பிய செய்தி இன்றும் நினைவுகூரப்படுகிறது. தன் நாட்டுப் படையை ‘நம் படை’ என்று சொல்லாமல் ‘பிரித்தானியப் படை’ என்று சொன்னதற்காக பிபிசி தன் சொந்த அரசாங்கத்திடமே திட்டு வாங்கியதும் அந்த மாதங்களில்தான். போர்க்காலச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த ஆண்டில் வந்தவற்றுள் என்னை அதிகம் உலுக்கியது, ஒக்டோபர் 10ஆம் திகதி பிபிசி 2இல் தொடங்கிய ‘பாய்ஸ் ஃப்ரம் த பிளக்ஸ்டஃப்’ என்ற ஐந்து பாக நாடகம். அலன் பிளீஸ்டேல் எழுதியது. ஃபிலிப் சவில் இயக்கியது. பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டிய ஆண்டு அது. லிவர்பூலில் வீதிக்குத் தார் போடும் வேலையை இழந்த சில ஆண்கள், அரச உதவிப் பணத்தில் உயிர் பிழைத்தபடி, கண்ணுக்குத் தெரியாமல் கூலி வேலை செய்து, அதைக் கண்டுபிடிக்க வரும் அதிகாரிகளுக்கு ஒளிந்து வாழ்வதே கதை. பேர்னார்ட் ஹில் நடித்த யோசர் ஹியூஸ், எதிர்ப்படும் எவரிடமும் ஒரு வேலை கொடு, என்னாலும் இதைச் செய்ய முடியும் என்று கேட்டுக்கேட்டே பித்தாகிப் போகிறான். அவனுடைய அந்த வேண்டுகோள் நாடெங்கும் மக்களின் வாயில் புழங்கத் தொடங்கியது. பார்த்தவர்களின் வரவேற்பைக் கண்ட பிபிசி, சில வாரங்களுக்குள்ளேயே, 1983 ஜனவரியில், அதைத் தன் முதலாவது அலைவரிசையில் மறு ஒளிபரப்புச் செய்தது.

நான் அந்த நாடகத்தைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன். யோசரைவிட என் மனதைப் பிடித்துக்கொண்டவன் கிரிஸி. வீட்டில் உணவில்லை, மனைவியோடு ஓயாத சண்டை. கடைசியில், தான் ஆசையாக வளர்த்த வாத்துகளைத் தானே துப்பாக்கியால் சுடுகிறான். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக் கோடியில் ஆடும் கோழியும் வளர்த்த குடும்பங்கள், 1970களின் பஞ்ச காலத்தில் அவற்றை ஒவ்வொன்றாக விற்றும் அடித்தும் தின்ற கதைகளைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்தக் காட்சி புதிதாக இராது. புதிதாக இருந்தது, அதைக் காட்டியவர்கள் யார் என்பது. லிவர்பூல் தொழிலாளியின் பேச்சை, அதன் உச்சரிப்பைக்கூட மழுங்கடிக்காமல், அதே நகரத்தில் வளர்ந்த ஒருவர் எழுத, தேசிய ஒலிபரப்பு நிறுவனம் பணம் செலவழித்து எடுத்திருக்கிறது. பிரித்தானியத் தொலைக்காட்சி மலையகத் தமிழராகிய எங்களையும் காட்டியதுண்டு. கிரனாடா நிறுவனத்தின் ‘வேர்ல்ட் இன் அக்‌ஷன்’ நிகழ்ச்சி 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் நிலையைப் படம்பிடித்து, தேநீர் அருந்தும் பிரித்தானிய வீடுகளுக்கு எடுத்துச் சென்றது. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனாலும் மற்றவர் வந்து நம்மைக் காட்டுவது வேறு, நாமே எழுதி நடித்துக் காட்டுவது வேறு. அந்த இரண்டாவது வாய்ப்பு லிவர்பூலுக்குக் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அது தானாகக் கிடைக்கும் ஒன்றன்று என்பதற்கு அந்த ஆண்டின் நவம்பர் முதலாம் திகதி சாட்சி. சனல் 4 தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னதாக, வேல்ஸில் எஸ்4சி என்ற வெல்ஷ் மொழி அலைவரிசை தன் ஒளிபரப்பை ஆரம்பித்தது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வெல்ஷ் மொழி பேசுவோர் சுமார் 5 இலட்சம் பேர் மட்டுமே. வேல்ஸின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவரை வெல்ஷ் நிகழ்ச்சிகள் பிபிசி வேல்ஸிலும், ஐ.டி.வி.யின் வேல்ஸ் பிராந்திய நிறுவனமான எச்.டி.வி.யிலும் ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு இடையே சிதறிக் கிடந்தன. வெல்ஷ் தெரியாதவர்கள் அவற்றை வெறுத்து, தங்கள் அன்டெனாக்களை இங்கிலாந்தின் ஒளிபரப்புக் கோபுரங்களை நோக்கித் திருப்பி வைத்தார்கள். நான்காவது அலைவரிசை வரும்போது வெல்ஷ் நிகழ்ச்சிகள் அதில் ஒன்றாகச் சேரும் என்று 1979ஆம் ஆண்டுத் தேர்தலில் கொன்சர்வேட்டிவ் கட்சி வாக்குறுதி அளித்திருந்தது. ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லோ அதிலிருந்து பின்வாங்கினார்.

அதன் பிறகு நடந்தவற்றைப் படிக்கும்போது எனக்கு நம் ஊரின் சத்தியாக்கிரகங்கள் நினைவுக்கு வராமல் இல்லை. தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தைச் செலுத்த மாட்டோம் என்று பெருந்தொகையானோர் அறிவித்தார்கள். போராட்டத்தில் சிறை சென்றவர்களும் உண்டு. மூன்று கல்விமான்கள் பென்காரெக் என்ற இடத்திலிருந்த ஒளிபரப்பு நிலையத்துக்குள் நுழைந்து அதை நிறுத்திவிட்டு, கைதாவதற்காக அங்கேயே காத்திருந்தார்கள். வேல்ஸின் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராக 1966இல் தெரிவானவரும், காந்தியின் வழியில் நம்பிக்கை கொண்டவருமான குவின்ஃபோர் எவன்ஸ், 1980ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 67ஆவது வயதில், ஒக்டோபர் 6ஆம் திகதி முதல் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார். கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். வேல்ஸின் பேராயரும் ஒரு முன்னாள் அமைச்சரும் உள்ளிட்ட மூவர் லண்டனுக்குச் சென்று வைட்லோவைச் சந்தித்தார்கள். செப்டம்பர் 17ஆம் திகதி அரசாங்கம் பணிந்தது. எந்த வற்புறுத்தலுக்கும் இறங்கிவராதவர் என்று பெயர் பெற்ற மார்கரெட் தட்சரின் அரசாங்கம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்குப் பரீட்சார்த்தமாகத்தான் எஸ்4சி தொடங்கியது. பிபிசி வாரத்துக்குச் சுமார் 10 மணிநேர வெல்ஷ் நிகழ்ச்சிகளைப் பணம் வாங்காமல் தயாரித்துக் கொடுத்தது, எச்.டி.வி.யும் சிறிய தனியார் தயாரிப்பாளர்களும் மற்றவற்றைத் தயாரித்து விற்றார்கள். எஞ்சிய நேரத்தில் சனல் 4இன் ஆங்கில நிகழ்ச்சிகள் ஓடின. 1974 முதல் பிபிசி எடுத்துவந்த, ஒரு பள்ளத்தாக்குக் கிராமத்தின் அன்றாட வாழ்வைச் சொல்லும் ‘போபல் அ கும்’ என்ற தொடரும் இந்த அலைவரிசைக்கு வந்துசேர்ந்தது. சிறுவர்களுக்காக வந்த ‘சூப்பர்டெட்’ என்ற கரடிக்குட்டிக் கேலிச்சித்திரம் பிற்காலத்தில் பல நாடுகளுக்கு விற்கப்பட்டது. சிறுபான்மை மொழியில் எடுத்தால் வெளியே போகாது என்பவர்களுக்கு அதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

இனி நம் பக்கம். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானின் உதவியோடு தொடங்கியது. அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலவில், நுவரெலியாவுக்கு மேலே நிறுவப்பட்டது. கொழுந்து எடுப்பவர்கள் தலைநிமிர்ந்தால் தெரியும் மலையிலிருந்து நாடெங்கும் படம் போனது. அதன் அடிவாரத்து லயங்களில் பெரும்பாலானவற்றில் மின்சாரமே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்தான் நாங்கள் படித்தோம்.

எங்கள் லயத்துக்கு முதன்முதலாக வந்த டீவி கறுப்பு வெள்ளை. கார் பேட்டரியில் ஓடுவது. பேட்டரி இறங்கியதும் அதைச் சாக்கில் கட்டி, இருவர் சேர்ந்து தூக்கி, ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்து வர வேண்டும். “தம்பி, சாய்ச்சிறாத, ஆசிட்டு கொட்டிரும்” என்று பெரியப்பா வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார். பேட்டரி வலுவிழக்கும்போது படம் நான்கு பக்கமும் சுருங்கி, நடுவில் ஒரு சிறு சதுரமாக நிற்கும். வாசல்வரை நிறைந்திருக்கும் கூட்டம் அப்போதும் எழுந்து போகாது. தமிழ் நிகழ்ச்சிக்காக அவர்கள் காத்திருந்தார்கள். மூன்று மொழிகளும் பங்கிட்டுக்கொண்ட அந்த ஒரே அலைவரிசையில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது. அந்தச் சிறிது நேரத்திலும் மலையகப் பேச்சைக் கேட்பது அரிதிலும் அரிது. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களம், வேலையை மேற்பார்க்கும் கங்காணி, அரை நாள் கூலியான அரைப்பேர் என்று எங்கள் நாளாந்த வாழ்வில் புழங்கிய எதையும் அந்தத் திரையில் கண்டதாக எனக்கு நினைவில்லை.

எண்ணிக்கை போதாது என்ற காரணத்தை நம்மவர்கள் பல தடவை கேட்டிருக்கிறார்கள். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதியப்பட்டவர்கள் மட்டும் 8 இலட்சத்துக்கும் மேல். வெல்ஷ் பேசியவர்களைவிட நாம் கூடுதலாகவே இருந்தோம். வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. கையில் என்ன இருந்தது என்பதில் இருந்தது. வெல்ஷ்காரரிடம் வாக்கு இருந்தது. கட்டமாட்டேன் என்று மறுப்பதற்கு ஓர் உரிமக் கட்டணம் இருந்தது. வழக்கு வந்தால் குடிமகனாக நீதிமன்றத்தில் நின்று பேசும் தகுதி இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்த குடியுரிமை 1982இலும் மலையகத்தில் பலருக்கு மீளவில்லை. தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் அப்போதும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நாடற்றவர் என்று எழுதப்பட்டவர், எனக்கு ஒரு அலைவரிசை வேண்டும் என்று யாரிடம் உண்ணாவிரதம் இருப்பார்? 1986ஆம் ஆண்டு ஜனவரியில் தோட்டங்களில் நடந்த பிரார்த்தனை இயக்கம் குடியுரிமைக்காக நடந்தது. அதுதான் முதல் தேவையாகவும் இருந்தது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் அந்தக் கதவு படிப்படியாகத் திறந்தது. 1998இல் சக்தி டீவி வந்தபோது தமிழுக்கென ஓர் அலைவரிசை கிடைத்தது. அதில் நமக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆயினும் நாடகம் என்று வந்தால் மலையகத்து மனிதர் பெரும்பாலும் வேலைக்காரராகவும் வேடிக்கைப் பாத்திரமாகவும் வந்துபோனதைப் பார்த்து நாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மீண்டும் 1982க்கு வந்தால், நவம்பர் 2ஆம் திகதி மாலை 4.45 மணிக்கு, ‘கவுன்ட்டவுன்’ என்ற எழுத்து விளையாட்டோடு சனல் 4 தொடங்கியது. மற்ற அலைவரிசைகள் தொடாதவற்றைத் தொட வேண்டும் என்பது சட்டப்படியே அதற்கு விதிக்கப்பட்ட கடமை. முதல் இரவிலேயே, மனவளர்ச்சி குன்றிய ஒருவரின் வாழ்வைச் சொல்லும் ‘வோல்ட்டர்’ என்ற திரைப்படத்தைப் போட்டார்கள். இயன் மெக்கெலன் நடித்தது. லிவர்பூலில் உண்மையான வீடுகளை விலைக்கு வாங்கி, அவற்றுக்குள்ளேயே படமாக்கிய ‘புரூக்சைட்’ தொடரும் அன்றே ஆரம்பமானது. நடிகர் சங்கத்துக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் இடையிலான தகராறினால் தொடக்க மாதங்களில் விளம்பரங்கள் சொற்பமாகவே கிடைத்தன, ஆனால் ஐ.டி.வி. நிறுவனங்கள் செலுத்தும் சந்தாவில் நடக்கும்படி அந்த அலைவரிசை அமைக்கப்பட்டிருந்ததால் அது தாக்குப்பிடித்தது. டிசம்பர் 26ஆம் திகதி வந்த ‘த ஸ்னோமன்’ என்ற, பேச்சு ஏறக்குறைய இல்லாத பனிமனிதன் சித்திரம் இன்றும் நத்தார் காலத்தில் அங்கே ஒளிபரப்பாகிறது.

ஆனால் அந்த ஆண்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எஸ்4சியின் ஏற்பாடு என்றே நினைக்கிறேன். தனி அலைவரிசை வேண்டும் என்று இன்று கேட்பது பெரிய பணம். அது கூடிவருவதற்கு நாளாகலாம். அரச தொலைக்காட்சி வாரத்துக்குச் சில மணிநேரத்தைத் தன் செலவில் மலையகத்துக்கென ஒதுக்கி, அதில் ஒரு பகுதியை மலையகத்திலேயே இயங்கும் சிறு தயாரிப்புக் குழுக்களிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்பதற்கு நாளாக வேண்டியதில்லை. வேல்ஸின் கார்னார்வன் என்ற சிறிய நகரத்தில் அந்த ஒரே ஏற்பாட்டினால் கலையகமும், ஒளிப்பதிவாளர்களும், படத்தொகுப்பாளர்களும், அவர்களுக்கெல்லாம் தொழிலும் உண்டாயின. அளவில் ஹட்டன் அதைவிடப் பெரிதும் வித்தியாசமானதல்ல. கைப்பேசியிலேயே படம் எடுத்துத் தொகுக்கத் தெரிந்த இளைஞர்கள் கொட்டகலையிலும் பண்டாரவளையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலைக்குக் கூலி கொடுக்க ஒருவர் வேண்டும், ஒளிபரப்ப ஒரு நேரம் வேண்டும். நம் வாக்கைக் கேட்டு அடுத்த முறை தோட்டத்துக்கு வருபவர்களிடம், வீடு, காணி, சம்பளம் என்ற பட்டியலோடு இதையும் சேர்த்து எழுதிக் கொடுக்கும்படி எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் கேட்டிருக்கிறேன்.