புத்தகத்தில் கியூஆர் ஒட்டுவதற்கு முன்

2022 எரிபொருள் வரிசைகளுக்குப் பிறகு கொழும்பில் கியூஆர் குறியீடு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் பெற்றோல் நிலையத்தில் குறியீடு நம் கையில் இருந்தது, அதை வாசித்தவர் ஊழியர். நூலகத்தில் இரண்டு வாசிப்பு உண்டு. இரவல் கருமபீடத்தில் ஊழியர் புத்தகத்தின் குறியீட்டை வாசிக்கிறார். இறாக்கைக்கு முன்னால் வாசகர் தன் போனால் வாசிக்கிறார். இரண்டுக்கும் ஒரே ஸ்ரிக்கரை அடிப்பதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது. நாங்கள் இரண்டையும் பிரித்த பிறகே வேலை ஒழுங்காக நகர்ந்தது.

முதலில் கருமபீடம். புத்தகத்துக்கான குறியீட்டில் பதிவு இலக்கம் மட்டும் போதும். தலைப்பு, ஆசிரியர், வகுப்பெண் எதுவும் வேண்டாம், அவையெல்லாம் கணினியில் இருக்கின்றன. வெறும் இலக்கங்கள் என்றால் மிகச் சிறிய அளவான 21×21 கட்டத்துக்குள், ஏறக்குறைய 30 வீதம் சேதமானாலும் வாசிக்கக்கூடிய ‘எச்’ திருத்த நிலையிலேயே 17 இலக்கங்கள் வரை அடங்கும். ஒரு கட்டம் 0.5 மில்லிமீற்றர், சுற்றிவர 4 கட்ட அகல வெற்றிடம் என்று வைத்தால் மொத்தம் 14.5 மில்லிமீற்றர். மெல்லிய கவிதைத் தொகுப்பிலும் சிறுவர் நூலிலும் இது சுலபமாக உட்காரும்.

தமிழ்த் தலைப்பைக் குறியீட்டுக்குள் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். கருமபீட வாசிப்பான்கள் பெரும்பாலும் விசைப்பலகைபோல நடந்துகொள்பவை. தமிழ் எழுத்து வந்தால் குப்பையாகவே தட்டும். பழைய பட்டியலை யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் இன்னும் மோசம். போன் திரையில் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த ஏதோ ஒன்றுதான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுவது தனி வேலை, அதை முதலில் முடியுங்கள்.

வாசிப்பானைப் பற்றி ஒன்று. ஒற்றைச் சிவப்புக் கோடு அடிக்கும் பழைய லேசர் வாசிப்பான் பட்டைக்குறியை மட்டுமே அறியும், கியூஆரை ஒருபோதும் வாசிக்காது. படமெடுத்து வாசிக்கும் வகை வேண்டும். அதை வாங்கப் பணம் இல்லை, இருக்கும் பட்டைக்குறியும் நன்றாக வாசிக்கிறது என்றால் இரவலுக்கு அதையே தொடருங்கள். எங்கள் கருத்தில் கியூஆரின் உண்மையான பயன் வாசகர் பக்கம்தான்.

வாசகருக்கான குறியீட்டில் இணைய முகவரி இருக்கும். தமிழ் நம்மை மடக்கும் இடம் இது. ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தின் பக்கத்தை இறாக்கையில் ஒட்ட விரும்பினோம் என்று வையுங்கள். முகவரியில் தமிழ்த் தலைப்பு இருந்தால், நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்தும் வீதக் குறிகளோடு (%) 9 எழுத்தாக விரியும். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே கணக்கு. ‘நூலகம்’ என்ற ஒரு சொல்லே 54 எழுத்து. 29×29 கட்டக் குறியீடு, ‘எச்’சை விடக் குறைந்த ‘எம்’ திருத்த நிலையில் கொள்வதே 42 மட்டும். கட்டங்கள் பெருகி நுணுகிவிடும், பழைய போன்கள் திணறும். விக்கிப்பீடியாவுக்குப் பயன்படும் மீடியாவிக்கி மென்பொருளில் ஓடும் தளம் என்றால் ‘பக்கத் தகவல்’ என்பதைத் திறந்து பக்க இலக்கத்தை எடுத்து, அதைக் கொண்டு குறுகிய முகவரி அமைக்கலாம். அதைவிடச் சிறந்தது, உங்கள் நூலகத்தின் சொந்தத் தளத்தில் ஒரு சின்ன முகவரி வைத்து அங்கிருந்து திருப்பிவிடுவது. இலக்குப் பக்கம் மாறினாலும் ஒட்டியதைப் பிய்க்கத் தேவையில்லை.

இலவசமாகக் குறியீடு செய்து தரும் தளங்களில் கவனம் தேவை. சில ‘டைனமிக்’ என்ற பெயரில் தங்கள் முகவரியையே உள்ளே வைக்கும். சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்கும். ஒட்டியது அத்தனையும் வீண். அச்சுக்கு அனுப்பும் முன் போனால் வாசித்து, உள்ளே இருக்கும் முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள். லிப்ரே ஒபிஸ் 6.4 பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே குறியீடு செய்யும் வசதி உண்டு. நூற்றுக்கணக்கில் தேவையென்றால் சின்ட் என்ற திறமூல மென்பொருள் பட்டியலிலிருந்து மொத்தமாகச் செய்யும்.

அச்சகத்துக்கு வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், ஓரங்கள் மங்கும். பிடிஎப் ஆகக் கொடுங்கள். வடிவமைப்பவர் அழகுக்காக வெற்றிடத்தில் கோடு போடுவார், அதை நீக்கச் சொல்லுங்கள். எந்தத் திருத்த நிலையும் அந்த வெற்றிடத்தையோ மூன்று மூலைச் சதுரங்களையோ காப்பாற்றாது. வாசகர் போனால் வாசிக்கும் குறியீட்டுக்கு, வாசிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும்: மேசைக்கு 3 சென்ரிமீற்றர், ஒரு மீற்றர் தள்ளி நின்று பார்க்கும் இறாக்கை முனைக்கு 10. பளபளக்கும் லெமினேட் ரியூப் லைற்றைப் பிரதிபலித்து நடுவில் வெள்ளைத் திட்டு விழுத்தும், மங்கல் பூச்சே நல்லது. வெப்பத்தால் அச்சாகும் பில் தாள் வகை வெளிறிவிடும். கொழும்பின் ஈரப்பதத்தில் தாள் ஸ்ரிக்கரின் மூலைகள் எழும்பும். முன்னட்டையின் உட்பக்கம் ஒட்டி, அதற்கு மேல் சற்றுப் பெரிய தெளிந்த பிளாஸ்ரிக் ஸ்ரிக்கர் போடுங்கள்.

ஒட்டும்போது ஒரு ஸ்ரிக்கர் தவறினால் அடுத்த புத்தகத்திலிருந்து எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். எங்களை அதிகம் அலைய வைத்தது இதுதான். குறியீட்டின் கீழ் இலக்கத்தையும் தலைப்பின் முதற் சொல்லையும் அச்சிடுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் ஒட்டட்டும். இருபது புத்தகத்துக்கு ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள்.

கடைகளில் பணம் செலுத்தும் லங்காகியூஆர் பழக்கத்தில் சிலர் வங்கிச் செயலியைத் திறந்து பிடிப்பார்கள், அது ஏற்காது. ‘போன் கமராவால் பாருங்கள், பணம் கேட்காது’ என்று மூன்று மொழியிலும் கீழே எழுதுங்கள். வேறொருவர் மேலே போலி ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறாரா என்று வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். டேட்டா இல்லாதவருக்காக அதே சின்ன முகவரியை எழுத்தாகவும் போட்டுவிட்டால், கருமபீடத்துக் கணினியில் தட்டிப் பார்த்துக்கொள்வார்.